தாராவியில் குடியிருக்கும் சயான் பேரறிஞர்

இன்று காலை தேவ்நார் போகும் பேருந்தில் ஒரு மகா ஞானியைத் தரிசித்தேன். தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன்தான். முதுகலை இரண்டாம் வருடம். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் பத்துத் துணைவேந்தர்களின் களை.

என் தங்கை மகள் ஜெனிக்கு அதே கல்லூரியில் இன்று முதல் நாள். அவளைக் கொண்டுவிடத்தான் நானும் போனேன். வழியெல்லாம் அவளுக்கு அவனுடைய உபதேசம்.

"கிளாஸ்ல எந்த ஏரியான்னு கேப்பாங்க. தாராவின்னு மட்டும் சொல்லிராத தங்கச்சி, இஸ்ஸத்து, மானம் எல்லாம் போயிரும். பக்கத்து ஏரியா சயான்னு சொல்லு. நானும் அப்படித்தான் சொல்லிருக்கேன்."

"நீங்க எதப் பத்திண்ணே ஆராய்ச்சி பண்ணுதீய?"

"தாராவி மக்களோட வாழ்க்கை."

நான் சிரித்த சிரிப்பில் பேருந்தே ஒரு பக்கம் சாய்ந்தது. ஜெனி மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

மதியம் போன் செய்தாள்.

"மாமா, நான் தாராவின்னே சொல்லிட்டேன். யாரும் ஒண்ணும் நினைக்கல. ஆனா அந்த அண்ணன் கேண்டீன்ல பிரண்ட்ஸ் முன்னாடி என்னத் தெரியாத மாதிரி வந்து, 'உங்க ஏரியாவுல பேட்டிக்கு நாலு பேரு கிடைப்பாங்களா'ன்னு கேக்காரு!"

நாலு பேர் எதற்கு? அவனைப் பெற்ற அம்மாவையே உட்கார வைக்கிறேன், பேட்டி எடுக்கட்டும்.

நம் தெருவில் இன்னும் எத்தனை சயான்வாசிகள் ஒளிந்திருக்கிறீர்கள்? கமெண்டில் கையைத் தூக்குங்கள், மகா ஜனங்களே.