சாமி அலமாரியில் இருந்த கருவி

முனிலட்சுமியின் வேலையைப் பறித்தது நான்தான். கருவி அல்ல, முதலாளி அல்ல, நான்! அவளோ இன்றுவரை என்னைத் தன் பக்கம் நின்றவன் என்று நம்புகிறாள்...

திருத்தணியில் எங்களுடையது ஒரு சின்ன பண்பலை வானொலி. விடியற்காலைப் பேச்சு நிகழ்ச்சி என்னுடையது, பிற்பகலில் வருவது முனிலட்சுமியுடையது. தமிழும் தெலுங்கும் கலந்து நெசவுக்காரர்களோடு தொலைபேசியில் வாயாடுவாள். "இன்னாக்கா, பாவாவ தறியில உக்கார வெச்சிட்டு நீ தூங்கிகினு இருக்கியா?" என்பாள். பாவா என்றால் தெலுங்கில் அத்தான். நெசவாளர் ஊரான பொதட்டூர்பேட்டையே சிரிக்கும். கணவனை இழந்தவள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

முன்பெல்லாம் நேயர் கணக்கெடுக்கும் நிறுவனத்தார் வீடு வீடாக வந்து, எந்த வானொலி கேட்கிறீர்கள் என்று விசாரித்துப் போவார்கள். இப்போது சில வீடுகளைப் பொறுக்கியெடுத்து, இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சிறு கருவியைக் கொடுத்தார்கள். எங்கள் ஒலிபரப்பில் காதுக்கு எட்டாத ஒரு குறி கலந்திருக்கும். அது கருவிக்குக் கேட்டால் அந்த வீட்டார் எங்களைக் கேட்கிறார்கள் என்று பொருள். எந்தெந்த வீடு என்பது எங்களுக்குத் தெரியக் கூடாது.

முதல் அறிக்கை வந்தது. காலையில் கேட்கிறார்களாம், பிற்பகலில் ஆளே இல்லையாம்! முதலாளி என்னை அழைத்தார்.

"ரெண்டு பேச்சு நிகழ்ச்சி கட்டுப்படியாகலய்யா. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போதும், மிச்ச நேரம் பாட்டு போட்டுக்கலாம். மத்தியானம் நெஜமாவே யாரும் கேக்கலியான்னு விசாரிச்சு சொல்லு."

அந்த வாரமே பொதட்டூர்பேட்டையில் என் தங்கை செல்வியின் வீட்டுக்குப் போயிருந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே முனிலட்சுமியின் குரல் அலறிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க உள்ளறைக் கதவைத் திறந்தால்... சாமி அலமாரியில், முருகன் படத்துக்கு முன்னால், குங்குமப் பொட்டோடு அந்தக் கருவி!

"யாராண்டயும் சொல்லாதண்ணா," என்றாள் செல்வி. "தறியில பஞ்சு பறக்குதுல்ல, பூந்துகினு கெட்டுப்பூடும். அதான் சாமிகிட்ட வெச்சி கதவ சாத்திட்டு உக்கார்றது. வாங்கின எல்லார் வீட்லயும் இப்டித்தான். காலைல மாட்டிக்கினு உன் புரோகிராம் கேக்குறேன்ல?"

ஊரே முனிலட்சுமியைக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கவேண்டிய கருவிகள்தான் கதவுக்குப் பின்னால் இருந்தன. எல்லாம் அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது.

சொன்னால் செல்விக்குத் தொல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய்! தங்கையின் பெயரை எடுக்காமல், தறி வீடுகளில் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லவில்லை? அவள் போனால் நான் பிழைப்பேன். அவ்வளவுதான். தூ! இதை உங்களிடம் சொல்லவே நா கூசுகிறது.

"விசாரிச்சேன் சார், மத்தியானம் யாரும் கேக்கல," என்றேன் முதலாளியிடம்.

கடைசி நாளன்று முனிலட்சுமி மலைக்குப் போய் விபூதி வாங்கி வந்திருந்தாள். "எனக்காக நீங்க எவ்ளோ பேசியிருப்பீங்கன்னு தெரியும் சார். முதலாளி கேக்கலன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க? நீங்க நல்லா இருக்கணும்," என்று நீட்டினாள். நான் வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டேன். பூசிக்கொண்டேன்! என்ன நெஞ்சழுத்தம் எனக்கு...

இப்போது கனகம்மாசத்திரத்தில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு வேலை பார்க்கிறாள். நான் அந்தப் பக்கம் பேருந்தில் போனால் மறுபுறம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் மறுபடி செல்வி வீட்டுக்குப் போனேன். தறிக்கு மேலே வானொலியில் வெறும் பாட்டு.

"அந்தக்கா எங்கண்ணா?" என்று கேட்டாள். "தறியில உக்காந்தா பேச்சுத் தொணையே இல்லாம பூட்ச்சி. உங்க ஆபீஸ்ல நீ ஒரு வார்த்த சொன்னா திரும்ப வருவாங்கல்ல?"

"ஆங்... சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை. அன்று எனக்குத் தாகமாக இருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.