வில்லன் வாங்கிய குத்து

காளவாசல் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கித் தட்டில் போட்டபோது ‘டிங்’கென்றது. ரத்தம் நிற்பதற்குள் நான் எண்பதுகளுக்குப் போய்விட்டேன்.

சினிமாவில் ஊரையே வெட்டிச் சாய்த்த ஒரு வில்லன் நடிகர், மனம் திரும்பி, கையில் வேதாகமத்தோடு எங்கள் பக்கத்து மைதானத்தில் பிரசங்கம் செய்ய வந்தார். சர்ச்சுக்குப் போகிறவர்களைவிடப் படம் பார்க்கிற நாங்கள்தான் அதிகம். ஜெபத்துக்கு மேடையேறி வரச் சொன்னார். ரசிகர் மன்றத்துக்காரரான என் மாமா முதல் ஆளாகப் போனார். கடைசிப் படத்தில் தன் மன்றத்துக் கதாநாயகனின் தங்கச்சியைக் கொன்றவன் என்ற கோபத்தில் வாயிலேயே ஒரு குத்து விட்டார்.

பல் தெறித்து மைக்கில் பட்ட சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. நடிகரோ பழக்கதோஷத்தில் நாற்காலிகளோடு சேர்ந்து அழகாக விழுந்தார். கூட்டம் விசிலடித்தது.

“ஒன்ஸ் மோர்!”

“ஐயா, இது நெசமான ரத்தம்யா” என்றார் அவர்.

“சும்மா நடிண்ணே!” என்று ஒருவன் கத்தினான். மாமா மறுபடியும் குத்தினார்.

நடிகர் எழுந்து கையை மடக்கி ஓங்கினார். கூட்டம் எக்கி நின்று பார்த்தது. அடி விழட்டும் என்றுதான் நானும் வேண்டினேன். சொந்த மாமா என்பதெல்லாம் அப்போது நினைவில்லை. மடக்கிய கை மெல்ல விரிந்து மாமாவின் தலையில் இறங்கியது. வாயில் ரத்தம் வழிய ஜெபம் பண்ணினார்.

“இதுக்காடா வந்தோம்?” என்று கூட்டம் கலைந்தது.

சைக்கிளில் திரும்பும்போது மாமா சொன்னார்: “தலையில வச்ச கை அம்புட்டு நடுங்குச்சு மாப்ள. என்னையக் கொல்லாம இருக்க அந்தாளு எம்புட்டுப் பாடுபட்டாருன்னு எனக்குத்தான் தெரியும்.”