களி விழுங்கிய மாலை

ஐம்பதுகளின் கடைசியில் ஆஸ்டின் டவுனில் நான் குடியிருந்த அறை, ஒரு கன்னடக்கார அம்மாவின் வீட்டை ஒட்டியிருந்தது. ஆலையிலிருந்து நான் திரும்பும் நேரம் அவர் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். "ஊட்ட ஆயித்தா?" என்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். தலையாட்டிவிட்டுப் போவேன். அந்த ஊரில் என்னை அப்படிக் கேட்க வேறு ஆளில்லை. அதற்காகவே எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வருவேன்.

ஒரு சித்திரையில் திண்டிவனத்திலிருந்து மனைவி எழுதியிருந்தாள்: 'இங்கே நுங்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு என்று பாப்பா ரெண்டு நுங்கை ஒளித்துவைத்திருக்கிறாள். யாருக்கும் தரமாட்டேன் என்கிறாள்.' அன்று எனக்குச் சமைக்கத் தோன்றவில்லை. அந்த அம்மா கேட்டபோது, "இல்லீங்கம்மா" என்றேன்.

உடனே கூப்பிட்டு உட்காரவைத்து, ராகிக் களியும் கீரைச் சாறும் போட்டார். நான் மென்றேன். களி பல்லில் ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்துவிட்டார்.

"அகிபேடப்பா, நுங்கு!"

மெல்லாதே, விழுங்கு என்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. அப்போது என் காதில் விழுந்தது நுங்கு மட்டும்தான். கண் நிறைந்துவிட்டது. காரம் என்று நினைத்து அவர் தண்ணீர் எடுத்துவர ஓடினார்.

நானும் காரம் என்றே சொல்லிவிட்டேன். அதன்பிறகு எனக்கென்று எதைச் சமைத்தாலும் மிளகாயைக் குறைத்தே போட்டார்.