நாலாவது மாடியின் பச்சைப் பட்டன்

அலுவலகத்தில் அவளுக்கு ‘மன்னிக்கவும் அக்கா’ என்று பெயர். யாரும் கேலிக்காக வைத்ததில்லை, அதுவாக ஒட்டிக்கொண்டது. வலைப்பதிவு எழுதுபவர்களுக்காக ஒரு தளம் நடத்திய சின்ன கம்பெனி அது. எழுதுகிறவர்கள் குறை சொல்லி அனுப்பும் மடல்களுக்குப் பதில் போடுவது அவள் வேலை. எந்தப் பதிலானாலும் ‘உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும்’ என்றுதான் தொடங்கும். வீட்டில் ஒரு நாள் சாப்பாட்டில் உப்பு தூக்கலாகிவிட, மகள் தட்டைப் பார்த்தபடி, “சொல்லும்மா, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு…” என்று எடுத்துக்கொடுத்தாள். கணவருக்குப் புரையேறியதுதான் மிச்சம்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருந்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போன பிறகு திரும்ப வேலை தேடியபோது, போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்த பிறகு கிடைத்தது இந்த நாற்காலி. அதனால் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது என்று முடிவு செய்திருந்தாள். கூட்டங்களில் கடைசி வரிசை. கேட்டால் மட்டும் பேச்சு.

அப்படியிருக்கும்போதுதான் புது எடிட்டர் வந்தது.

பதிவு எழுதும் பக்கத்துக்குத்தான் எடிட்டர் என்று பெயர்; அதை முழுக்க மாற்றியிருந்தார்கள். பழைய பக்கத்தில் மேலே இரண்டு வரிசைக்குப் பட்டன்கள் இருக்கும். கீழே, பிஸ்கட் அளவுக்குப் பச்சையாக ‘வெளியிடு’ என்று ஒன்று இருக்கும். புதியதில் அவை எதுவும் கிடையாது. திறந்தால் வெறும் வெள்ளை. நடுவில் பெரியதாக ஒரு கூட்டல் குறி. அதைத் தொட்டால் படம், ஒலி, தலைப்பு என்று எல்லாம் விரியும். எழுதுவது தானாகவே சேமிக்கப்படும். வெளியிடுவதற்கு வலது மேல் மூலையில் நகத்தளவு ஓர் அம்புக்குறி. இதையெல்லாம் வரைந்து வரைந்து அழித்து உருவாக்கியவன் டிசைனர். முப்பது வயதுக்காரன், காதில் ஹெட்போன் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. புதுப் பக்கம் வெளியான காலையில் எல்லோருக்கும் அவன் செலவில் கேக் வந்தது.

கேக் தீர்வதற்குள் மடல்கள் வந்து குவிந்துவிட்டன.

“என் எழுத்தையெல்லாம் எங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்றார் ஒருவர். “சேமிக்கிற பட்டனைக் காணோம். தானா சேமிக்குமாம்! யாரை நம்பச் சொல்றீங்க?” என்றார் இன்னொருவர். பயணக் கட்டுரை எழுதும் பெண்மணி, “புதுசு ரொம்ப அழகா இருக்கு. பழசைக் குடுத்துடுங்க” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். ஒரு கவிஞர் கண்டனத்தையே கவிதையாக எழுதி வெளியிட்டார். அதைப் படித்த மேலாளர் அம்மா, “பரவாயில்லையே, இதையும் நம்ம புது எடிட்டர்லதானே எழுதியிருக்கார்” என்று சிரித்தார்.

மேலாளர் அம்மா அனுபவசாலி. “வீடு மாறினா கொஞ்ச நாள் சுவிட்ச் எங்கன்னு சுவரைத் தடவுவோம். அப்புறம் கை தானாப் போகும். பொறுமையாப் பதில் போடுங்க” என்றார். சொன்னதில் தப்பில்லை. மன்னிக்கவும் அக்காவும் தயாராக வைத்திருந்த பதில்களை எடுத்து ஒட்டிக்கொண்டே போனாள். டிசைனரின் ஹெட்போன் மட்டும் அன்று சாயந்திரம் மேசைமேல் கிடந்தது. அவன் தலையைப் பிடித்தபடி மடல்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வந்த ஒரு மடல் இப்படி இருந்தது: “உங்க புது எடிட்டரால என் வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு.” அவ்வளவுதான். கீழே வலைப்பதிவின் முகவரி. அதன் பெயர் ‘நாலாவது மாடி’.

ஏதோ கோபத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தாள் அவள். ‘ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும். புதிய வடிவம் பழகச் சிறிது காலம் ஆகலாம்’ என்ற பதிலை ஒட்டி அனுப்பிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டாள். அரை மணி நேரத்துக்குள் மறுமொழி வந்தது. “பழகிக்க நாங்க ரெண்டு பேரும் தயார்மா. அவர் விரல்தான் தயாரா இல்ல.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த வலைப்பதிவைத் திறந்து படித்தாள். நாலாவது மாடி ஜன்னலிலிருந்து தெரிவதை ஒரு பெண் தினமும் நாலு வரி எழுதி வந்திருந்தாள். எதிர்க் கட்டடத்தில் கயிறு கட்டித் தொங்கி வெள்ளையடிக்கிறவர்கள், குடையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி ஓடுகிற ஆசிரியை, பேருந்து நிறுத்தத்தில் சண்டை போட்டுக்கொண்டே ஒரே பேருந்தில் ஏறிப்போகும் தம்பதி. படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் விடாமல் வருகிறவர்கள். மடலின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. இந்த வேலைக்கு வந்தபிறகு முதல்தடவையாக, யாரையும் கேட்காமல் அவள் போனை எடுத்தாள்.

“நான் எடிட்டர் கம்பெனியிலிருந்து பேசறேன்மா. அவருக்கு வேலை போச்சுன்னு எழுதியிருந்தீங்களே…”

“அடடே, நிஜமாவே ஆளு பேசறீங்களா? நான் ஏதோ மிஷின்தான் பதில் போடுதுன்னு நெனச்சேன்.”

அவளுக்கு அதைக் கேட்டதும் முகம் சூடானது. “ஆள்தாம்மா. சொல்லுங்க.”

அந்த அம்மாள் சொன்னாள். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரியும், வாயில் வார்த்தைதான் வராது. அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று ஜன்னலில் பார்ப்பதை அவள் எழுதத் தொடங்கினாள். எழுதிப் படித்துக் காட்டுவாள். பிடித்திருந்தால் அவர் இடது கையால் அந்தப் பச்சைப் பட்டனை அழுத்துவார். பிடிக்காவிட்டால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், மாற்றி எழுத வேண்டும்.

“அந்த மனுஷன் அழுத்தினாத்தான் பதிவு வெளியில போகும். அதுதான் இந்த வீட்டுல அவர் வேலை. இப்ப அந்த அம்பு எங்கயோ மூலையில எறும்பாட்டம் உக்காந்திருக்கு. அழுத்தினா நழுவுது. மறுபடி ‘உறுதியா?’ன்னு கேக்குது. நேத்து நான் அழுத்திட்டேன். ஏன்டா அழுத்தினோம்னு ஆயிடுச்சு. அதிலேர்ந்து என்கிட்ட முகம் குடுக்கல.”

அவள் வீட்டு முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனை வைத்தாள். பிறகு எழுந்து டிசைனரிடம் போனாள். அவன் ஏற்கெனவே நொந்து நூலாகிப் போயிருந்தான்.

“நீங்களுமாக்கா? இன்னிக்கு எத்தனையாவது ஆளு தெரியுமா? எல்லாரும் என்னைக் கரிச்சுக் கொட்டிட்டாங்க.”

“நான் திட்ட வரல. ஒரு வீட்டுக்குப் போயிட்டு வரலாமான்னு கேக்க வந்தேன்.”

“வீட்டுக்கா? எதுக்கு?”

அவள் விவரத்தைச் சொன்னாள். அவன் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டான். “பாவமாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஆளுக்காக எப்படிக்கா மாத்தறது? பட்டனைக் கீழ வச்சா, எழுதறப்ப கை பட்டு அரைகுறையா வெளியில போயிடுதுன்னு எத்தனை பேர் அழுதாங்க தெரியுமா? அதுக்காகத்தான் மேல கொண்டுபோனேன்.”

அது அவளுக்கும் தெரியும். அந்த அழுகைக்கும் மன்னிப்புக் கேட்டவள் அவள்தான். “மாத்துங்கன்னு சொல்லல. வந்து பாருங்க. அவ்வளவுதான்.”

சனிக்கிழமை இருவரும் போனார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறியவர்களுக்குக் கதவைத் திறந்த அம்மாள், “உக்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க. அவர் காலையிலேர்ந்து சட்டை மாத்திக்கிட்டுத் தயாரா இருக்கார்” என்றாள்.

ஜன்னலோரத்தில் சக்கர நாற்காலி. அதன் கைப்பிடியில் பொருத்திய பலகைமேல் டேப்லெட். அகன்ற தோளுடன் பெரிய மனிதர். வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார். அம்மாள் அன்றைய நாலு வரியைப் படித்தாள். அவர் தலையசைத்தார். இடது கை எழுந்து மூலையை நோக்கிப் போனது. விரல் அம்பைத் தாண்டி விழுந்து பக்கம் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். இந்தத் தடவை அம்பில் பட்டது, ‘உறுதியா?’ என்று கேட்டது, விரல் நடுங்கி ‘இல்லை’மேல் விழுந்தது. டிசைனரின் கை தன்னையறியாமல் உதவிக்கு நீண்டது. அந்த அம்மாள் கண்ணாலேயே தடுத்தாள்.

மூன்றாவது தடவையும் தப்பியது. அவர் பலகையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வந்திருக்கவே கூடாதோ என்றிருந்தது மன்னிக்கவும் அக்காவுக்கு. ஒரு மனிதர் தோற்பதை வேடிக்கை பார்க்க ஆள் கூட்டி வந்துவிட்டோமே என்று கூனிக்குறுகிப் போனாள். ஒட்டி வைத்த பதில் ஒன்றும் இந்த அறையில் உதவாது என்று தெரிந்தது.

டிசைனர்தான் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டான். “சார், கிரேன்ல லிவர் எந்தக் கையில இருக்கும்?”

அவர் திரும்பவில்லை. கொஞ்சம் கழித்து இடது கை மெல்ல எழுந்தது. முஷ்டியை மடக்கி, ஒரு கைப்பிடியைப் பிடிப்பதுபோல் மெதுவாக முன்னால் தள்ளிக் காட்டினார்.

“அவ்வளவு உயரத்திலேர்ந்து கீழ இருக்கிற பெட்டி எப்படி சார் சரியா தெரியும்?”

அவர் இப்போது முழுசாகத் திரும்பினார். ‘பார்’ என்பதுபோல் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். பிறகு டேப்லெட்டைப் பார்த்துக் கையை நீட்டினார். அம்மாள் அதை எடுத்து மறுபடி முன்னால் வைத்தாள். மறுபடி அம்புக்குத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் விரல் நேராக நடுவில் இருந்த பெரிய கூட்டல் குறியில் போய் இறங்கியது. படம் என்ற கட்டத்தில் இறங்கியது. கேமரா திறந்தது. பலகையைச் சற்றுச் சாய்த்து, விரலை ஓங்கி வைத்தார். ‘கிளிக்’.

பக்கத்தில் ஒரு படம் வந்து உட்கார்ந்தது: டிசைனரின் முழங்கால், அவன் கையில் இருந்த தண்ணீர் டம்ளர், ஓரத்தில் அம்மாளின் பாதி முகம்.

“ஏங்க!” அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். “இதை எப்பக் கத்துக்கிட்டீங்க? என்கிட்ட சொல்லவே இல்லையே!”

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய மற்றவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சொல்லவே இல்லை என்று பேசாத மனிதரிடம் கோபித்துக்கொண்டது அப்போதுதான் அம்மாளுக்கே உறைத்தது. அவளும் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வரும்வரை.

இருவரும் படியிறங்கினார்கள். வாசலுக்கு வந்ததும் டிசைனர் சொன்னான்: “அந்தக் கூட்டல் குறியை அவ்வளவு பெரிசா வைக்கணும்னு நான் எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டேன் தெரியுமாக்கா? அது உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கு.” சிறிது தூரம் நடந்தபின், “அம்புதான் சொதப்பல். ஒத்துக்கறேன்” என்றான்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவன் எழுந்தான். விவரம் சொல்லத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தி, “அக்கா, நீங்க சொல்லுங்க” என்றான். எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.  அவள் எழுந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். மூன்று தடவை தப்பிய விரலையும் சொன்னாள், நாலாவதாக எடுத்த படத்தையும் சொன்னாள். “கை பட்டு தப்பா வெளியில போறதும் நிஜம் மேடம். இவரால அழுத்த முடியாததும் நிஜம். ரெண்டு பேருக்கும் ஒரே பட்டன் எதுக்கு? வேணும்கிறவங்க பெரிசாக் கீழ வச்சுக்கட்டுமே.”

மேலாளர் அம்மா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. இருக்கிற வேலையே கழுத்துவரை நிற்கிறது என்றார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் நிஜமாகவே பார்த்தார்கள். அமைப்புகளில் ஒரு தேர்வு சேர்ந்தது: வெளியிடும் பட்டனை விரும்பிய இடத்தில், விரும்பிய அளவில் வைத்துக்கொள்ளலாம். அது வந்த அன்றே, “இப்பத்தான் பழகினோம், மறுபடி ஏன் மாத்தறீங்க?” என்று கவிஞர் இன்னொரு கவிதை வெளியிட்டார். பயணக் கட்டுரைப் பெண்மணி மட்டும் பட்டனைத் திரையில் பாதி அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு நன்றி சொல்லி எழுதினார்.

ஆனால் எதிர்பாராதது என்னவென்றால், கை நடுங்குகிறவர்கள், கண் மங்கியவர்கள், கைக்குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மற்றக் கையால் எழுதுகிறவர்கள் என்று அதுவரை வாயே திறக்காத பலர் எழுதத் தொடங்கினார்கள். இவர்களெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று டிசைனருக்கே ஆச்சரியம். மேலாளர் அம்மா அக்காவைக் கூப்பிட்டு, மாதம் ஒருதடவை டிசைனரைக் கூட்டிக்கொண்டு யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்வரச் சொன்னார். மடல் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள இன்னொரு பெண்ணும் வந்தாள். மகள் இந்தச் செய்தியைக் கேட்டு, “பதவி உயர்வா, இல்ல ஊர் சுத்தற வேலையா?” என்றாள். “ரெண்டும்தான்டி” என்றாள் அம்மா, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

ஒரு நாள் மத்தியானம் நாலாவது மாடி அம்மாளிடமிருந்து போன்.

“உங்ககிட்ட ஒரு புகார் சொல்லணும்.”

“சொல்லுங்கம்மா.”

“அந்தப் பச்சைப் பட்டனைக் கீழ பெரிசா வச்சதிலேர்ந்து இந்த மனுஷன் எனக்குத் தெரியாம படம் எடுத்து, நான் குளிக்கப் போற நேரம் பார்த்துத் தானே போட்டுடறார். என்னைக் கேக்கறதே இல்ல. நேத்து என் கொட்டாவியைப் போட்டிருக்கார். அதைப் போய் அத்தனை பேர் பாராட்டியிருக்காங்க! நான் வருஷக்கணக்கா எழுதினதுக்குக்கூட இவ்வளவு பேர் வரல. அவரைக் கொஞ்சம் தடுத்து நிறுத்த உங்க எடிட்டர்ல ஏதாவது வழி இருக்கா?”

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். படம் சாய்ந்திருந்தது, பாதி மங்கல். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த அம்மாள் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு அருகில், அவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரால்தான் எடுத்திருக்க முடியும்.

“அப்படி ஒரு வழி இல்லம்மா” என்றாள் அவள். “இருந்தாலும் சொல்ல மாட்டேன்.”

எதிர்முனையில் அம்மாள் சிரித்துக்கொண்டே யாரிடமோ திரும்பி, “கேட்டீங்களா? உங்க கட்சிதான் அவங்களும்” என்று சொல்வது கேட்டது. பின்னாலேயே ‘கிளிக்’ என்று இன்னொரு சத்தம்.