ஒன்பது சனிக்கிழமை

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் வேல்பாண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. விடியும்போதே ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறிவிடுவார். இருபது வருஷம் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை என்று தலைகால் புரியாத பெருமை அவருக்கு. அப்பேர்ப்பட்டவர், பிளஸ் ஒன் படிக்கும் மகள் நாகஜோதி மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல், பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பதைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்.

"ஏழரைச் சனி. ஒம்பது சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி எள்ளு தீபம் போடுங்க" என்றார் ஜோசியர். மனநல டாக்டரிடம் காட்டலாம் என்ற மனைவி பாண்டீஸ்வரியின் பேச்சு எடுபடவில்லை. "ஏம் மகளுக்கு என்ன பைத்தியமா?" என்று வேல்பாண்டி எரிந்து விழுந்தார்.

சனிக்கிழமைகளில் தோட்டத்துச் சவாரியை விட்டுவிட்டு, மகளை முன் சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினார். மூன்று வாரம் அவள் வாயே திறக்கவில்லை. வீட்டில் ஆளாளுக்கு அவள் முகத்தைப் பார்த்து "என்னாச்சு, என்னாச்சு" என்று குடைந்தெடுத்தார்கள். இங்கே அப்பாவின் கண் ரோட்டில் இருந்தது. அது அவளுக்குத் தோதாகப் போயிற்று. நாலாம் வாரம் உத்தமபாளையம் தாண்டியதும், வகுப்பில் ஒருத்தியும் தன்னோடு சேர்வதில்லை என்றாள். ஆறாம் வாரம், வயல்களைப் பார்த்தபடியே, "செத்துப் போயிரலாம்னு தோணுதுப்பா" என்றாள்.

திரும்பிப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, வேல்பாண்டி வண்டியை மட்டும் மெதுவாக்கினார்.

"எத்தன நாளா ஆத்தா?"

"ரொம்ப நாளாப்பா."

"எங்கிட்டச் சொன்னீல்ல, அது போதும். நான் இருக்கேன்."

அன்று ஜீப் குச்சனூர்ப் பக்கம் திரும்பவில்லை. நேரே தேனி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே மனநல டாக்டரம்மா நாகஜோதியிடம் வெகுநேரம் பேசினார். மாத்திரை எழுதிக் கொடுத்து, வாராவாரம் வரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் வேல்பாண்டி மனைவியிடம், "நீ அப்பவே சொன்ன, நாந்தேன் கேக்கல" என்றார். அதுவரை அவர் தப்பை ஒப்புக்கொண்டு பாண்டீஸ்வரி பார்த்ததே இல்லை.

ஒன்பதாவது சனிக்கிழமையும் தேனிக்குத்தான் கிளம்பினார்கள். கம்பம் தாண்டும்போது நாகஜோதி மெல்லக் கேட்டாள்.

"ஜோசியர் சொன்ன கணக்கு இன்னையோட முடியுதுப்பா. அடுத்த வாரம் நீங்க தோட்டத்துச் சவாரிக்குப் போயிருவீகளா?"

"டாக்டரம்மா போதும்னு சொன்னாக்கூட, சனிக்கிழமை நாம ரெண்டு பேரும் எங்கிட்டாவது போவோம் ஆத்தா."

அவள் அந்த வாரம் வகுப்பில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.