செல்வி கொட்டிய உம்

போன வாரம் வடக்கனந்தல் பக்கம் பஸ்ஸில் போகும்போது கோமுகி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். கீழே வெறும் மணல். பக்கத்து சீட்டு இளைஞர், "இது இன்னா ஆறுங்க?" என்று கேட்டார். ஆசையாக அந்த ஆறு பிறந்த கதையை ஆரம்பித்தேன். அவரோ பாதியிலேயே காதில் பாட்டை மாட்டிக்கொண்டார். எனக்குப் பொன்னன் ஞாபகம் வந்தது. வயிறும் பழையபடி எரிந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. நான் மலைமேல் கரியாலூர் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். ஊசி போட மாடு பிடித்துக் கொடுப்பவன் பொன்னன், மலைக்காரன். எனக்குக் கல்யாணமான புதிது. மனைவி செல்வி ரிஷிவந்தியத்துக்கு, தாய் வீட்டுக்குக் கிளம்பி நின்றாள். கீழே சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் வரவில்லை. உள்ளூர எனக்கு ஒரே சந்தோஷம். அதைக் கெடுக்கத்தான் பொன்னன் கதை சொல்ல வந்து உட்கார்ந்தான்.

வெளியே மழை, அடுப்பில் சாமை வெந்துகொண்டிருந்தது. இன்றும் சாமைச் சோற்று வாசனை எனக்கு ஆகாது. அந்த மலையில் ஆற்றுக் கதைக்கு ஒரு முறை உண்டு. கேட்பவர்களில் ஒருவர்தான் உம் கொட்ட வேண்டும், கடைசிவரை அவரே. பொன்னன் செல்வியைப் பார்த்துச் சொன்னான்: "நீ கொட்டுக்கா. நடுவுல வுட்டுட்டா ஆறு அங்கயே நின்னுபூடும்."

அக்கா, தங்கை இருவர் மாடு மேய்த்தார்களாம். தங்கை கைபட்ட பசுவின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டி ஆறாக ஓடியதாம். பொறுக்காத அக்கா அந்த ஆற்றைப் பார்த்து, சமவெளிக்குப் போனால் உன் முகம் யாருக்கும் தெரியக்கூடாது என்று சபித்தாளாம். அதனால்தான் ஆறு கீழே வந்ததும் மணலுக்குள் ஒளிந்துகொள்கிறது. தோண்டினால்தான் தண்ணீர். எனக்கு அந்த அக்காவை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

செல்வி கன்னத்தில் கை வைத்து உம், உம் என்றாள். மறுநாள் நான் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன், முனிவரின் கமண்டலம் கவிழ்ந்து ஆறான கதை. ஒரு உம் கூட வரவில்லை. "நீங்க சொல்றது ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி கீதுங்க" என்று எழுந்து போய்விட்டாள். பிறகு எத்தனையோ வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். சண்டையும் சிரிப்புமாக நல்ல வாழ்க்கைதான். எனக்கென்று ஒரு உம் மட்டும் கிடைக்கவில்லை.

அவள் காரியத்துக்குப் பொன்னன் மலையிலிருந்து இறங்கி வந்தான். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னேன். நான் உம் கொட்டினேன். கொஞ்ச தூரத்திலேயே நிறுத்திவிட்டான்.

"அக்கா கொட்ற மாதிரி இல்லீங்க சார். அது மூக்கால இழுத்தாப்ல வரும்."

அழ வேண்டிய நேரத்தில் எனக்குப் பொறாமைதான் வந்தது. என் பெண்டாட்டியின் உம் எப்படி இருக்கும் என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்றே.

இப்போது பொன்னனும் இல்லை. பாலத்தைத் தாண்டிய பிறகு, மூக்கால் இழுத்து மெதுவாக ஒரு உம் சொல்லிப் பார்த்தேன். சரியா என்று சொல்ல ஆளில்லை.