குள்ளம்மாள் கடைக்குப் போன ராஜாக்கள்

நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து பாலன் பிறந்த குடிலைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் திருநாளன்று பிறந்ததால் கஸ்பாருக்கு அந்த ராஜாக்களில் ஒருவர் பெயரையே வைத்தார்கள். வளர்ந்த பிறகும் அவன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்குப் போய், மற்ற கிரகங்களுக்குப் போகும் விண்கலங்களுக்கு வழி கணக்கிடும் ஆராய்ச்சியில் சேர்ந்தான். ஊரில் யாருக்கும் அதை விளங்கவைக்க முடியவில்லை. "ஆளே இல்லாத வண்டிக்கு வழி சொல்றானாம்" என்று அவன் அம்மா மதலேனம்மாளே சிரிப்பாள்.

சிரிக்காமல் கேட்டவள் வேளாங்கண்ணி ஒருத்திதான். தருமபுரியில் நர்ஸ் வேலை பார்த்தாள்.

"ஒருக்கா அனுப்பிட்டா அதுவா போயிருங்களா?"

"போவாது. எங்க இருக்குதுன்னு வழியெல்லாம் பாக்கணும். வெலகியிருந்தா திருத்தணும். வருசக்கணக்கா இதே வேலைதான்."

அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. அவனுக்கு எப்போதோ பிடித்துவிட்டது. பிடிக்காதவர் அவள் அப்பா சவுரியப்பன், மாதா கோவிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார். "வானத்தப் பாக்கறவன் வூட்ட எப்படிப் பாப்பான்?" என்று, பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

எண்பத்தாறு ஜனவரியில் அமெரிக்காக்காரர்களின் விண்கலம் ஒன்று யுரேனஸை நெருங்கிக்கொண்டிருந்தது. லீவில் வந்த கஸ்பார், ஏதோ தானே ஓட்டிப்போகிற மாதிரி ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தான். சவுரியப்பன் கூப்பிட்டார்.

"அவ்ளோ தூரம் வேண்டாம். நம்ம திருநாள் நட்சத்திரத்தப் பாலன் குடில் வரைக்கும் ஒழுங்கா கொண்டுபோய்ச் சேத்துக் காட்டு. அப்பறம் பொண்ணு பேச்சப் பேசலாம்."

திருநாள் மாலை கோவில் வளாகத்து விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். வாசலிலிருந்து குடில் வரை கட்டிய கம்பியில், பல்பு எரியும் காகித நட்சத்திரம் கயிறு இழுக்க இழுக்க நகரும். அந்த வெளிச்சத்தில் மூன்று ராஜாக்கள் நடந்து வருவார்கள். முன்னால் வருகிற ராஜா எப்போதும் விவசாயி மாதேஸ்வரன்தான். பிள்ளை வேண்டி மாதா கோவிலுக்கு நேர்ந்துகொண்டவர், பிள்ளைக்கே பிள்ளை பிறந்தும் வேஷத்தை விடவில்லை.

கஸ்பார் கப்பிக்கு எண்ணெய் போட்டான். ராஜாக்களின் நடையை அளந்து, கயிற்றில் சாக்பீஸால் குறி போட்டான். நட்சத்திரம் ஒரு குலுக்கல் இல்லாமல் நகர, தன் கைவேலையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது. ஆனால் அந்த வருஷம் பிறந்த குழந்தைகளை வழியில் ராஜாக்கள் கையில் கொடுத்து வாங்குவது ஊர் வழக்கம். பெங்களூரிலேயே கிடந்ததில் அது அவனுக்கு மறந்தே போயிருந்தது. கயிற்றைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், நட்சத்திரத்துக்குப் பின்னால் வருகிறவர்களை மட்டும் பார்க்கவில்லை.

நட்சத்திரம் குறித்த நேரத்துக்குக் குடிலுக்கு மேல் வந்து நின்றது. கீழே ராஜாக்கள் இல்லை. பாதி வழியில் ஒரு குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்த மாதேஸ்வரனுக்கு நட்சத்திரம் தெரியவில்லை; வளாகத்து வேப்பமரத்துக்கு அப்பால் மறைந்திருந்தது. சுற்றிப் பார்த்தபோது தெரிந்தது, வந்த வாசலோரம் குள்ளம்மாளின் போண்டாக் கடை பெட்ரோமாக்ஸ். அவர் அதைப் பார்த்து நடந்தார். ஜனங்களும் பாட்டை விடாமல் பின்னாலேயே போனார்கள்.

"போச்சு, எல்லாம் போச்சு!" உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார்.

கஸ்பாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிரகம் போனால் போகட்டும், வேளாங்கண்ணி போய்விடுவாளே என்று பதறினான். பார்த்துப் பார்த்துத் திருத்தணும் என்று அவளிடம் அளந்ததெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நட்சத்திரத்தைப் பின்னுக்கு இழுத்தான்.

"டேய், வந்த நட்சத்திரம் திரும்பிப் போவுமாடா?" உபதேசியார் கத்தினார்.

கூட்டத்திலிருந்து வேளாங்கண்ணி குரல் கொடுத்தாள். "பைபிள்ல, ஏரோது அரமனைக்கு வழி மாறிப் போன ராஜாக்களுக்கு நட்சத்திரம் மறுக்கா தெரியலீங்களா, அப்பா?"

"என் கடை அந்தக் கொலகாரன் ஏரோது அரமனையா?" குள்ளம்மாள் கரண்டியோடு எழுந்தாள்.

நட்சத்திரம் மரத்தைத் தாண்டி வந்ததும், "அதா!" என்று மாதேஸ்வரன் திரும்பினார். அதன் பிறகு கஸ்பார் கடிகாரத்தைத் தொடவே இல்லை. ராஜாக்கள் நின்றால் நின்றான், நடந்தால் இழுத்தான். பூசை தாமதமானது.

சவுரியப்பன் அவனிடம் வந்தார். "முன்னாடி போனதுக்கு உன்ன ஒதைக்கணும். ஆனா வுட்டுட்டுப் போவாம திரும்பி வந்தியே, அது போதும் எனக்கு."

கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா..." என்று வாயெடுத்தான்.

"இரு, இரு. வர்ற வருசம் கயிறு எம்பொண்ணு கையில இருக்கட்டும்."

கல்யாணம் முடிந்து, மறு வருஷம் அவள்தான் இழுத்தாள். அதற்கடுத்த வருஷம் கைக்குழந்தையோடு வழியில் நின்றதால், கயிறு மறுபடி கஸ்பாரிடம் வந்தது. மாதேஸ்வரன் குழந்தையை வாங்கி, கொஞ்சி, திருப்பிக் கொடுத்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். நட்சத்திரம் மட்டும் தாயும் பிள்ளையுமாய் நின்ற இருவர் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது.